மட்டிச் சாறு பிசிஆரைத் தடுத்தபோது

டாஸ்மேனியக் கிழக்குக் கரை மட்டிகளில் சாக்சிடாக்சின் நஞ்சைத் தேடும் வேலை. கடல்நீரில் அந்த நஞ்சை உண்டாக்கும் அலெக்சாண்ட்ரியம் பாசி நுண்ணோக்கியில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் மட்டியின் செரிமானச் சுரப்பியிலிருந்து பிரித்த டிஎன்ஏவில், நஞ்சு உருவாக்கத்துக்கான எஸ்எக்ஸ்டிஏ4 என்ற பாசி மரபணுவைத் தேடிய பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுத்துக் கண்டறியும் சோதனை) வளைவு எழவே இல்லை. சந்தேகம் தீர, தெரிந்த அளவு பாசி டிஎன்ஏவை அந்தச் சாற்றிலேயே கலந்து ஓட்டினேன். அதுவும் எழவில்லை! சரி, பழுப்பாக வழவழக்கும் அந்தச் சாற்றிலுள்ள ஏதோ ஒன்று, பெரும்பாலும் பாலிசாக்கரைடு (நீண்ட சர்க்கரைச் சங்கிலி), டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியைத் தடுக்கிறது. பத்து மடங்கு நீர்த்து, தடுப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் பிஎஸ்ஏ புரதமும் சேர்த்ததும் இரண்டு வளைவுகளும் ஏறின. கலப்புச் சோதனை செய்யாமல் ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அப்புறம், மரபணு தெரிந்தாலும் நஞ்சின் அளவு தெரியாது, கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் என்ற உணவுப் பாதுகாப்பு வரம்பை மீறுகிறதா என்று பார்க்க வேதியியல் சோதனைதான் வேண்டும்.