கழக நிர்வாகத்தை உளநலத்துக்குப் பொறுப்பேற்க வைப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் எந்த விளையாட்டுக் கழகத்திலும் உளநலம் பற்றிப் பேச்செடுத்தால் யாரும் எதிர்க்க மாட்டார்கள். "நல்ல விசயம், செய்வம்" என்பார் தலைவர். அதை நம்பித் திரும்பினால் அடுத்த வருடமும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். கூட்ட அறிக்கையில் ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு திகதி ஏறும்வரை நிர்வாகம் உடன்பட்டதாகக் கொள்ளாதீர்கள்.

முதலில் பயிற்சி வரவுப் பதிவேட்டை எடுங்கள். கடந்த இரண்டு வருடங்களில் இடையில் நின்றவர்களை எண்ணி, காயம், வெளிநாடு, சோதனை, காரணம் தெரியாது என்று நான்காகப் பிரியுங்கள். பெயர் எழுத வேண்டாம். ஊருக்குள் வயதையும் ஆடும் இடத்தையும் சொன்னாலே ஆள் யாரென்று பிடிபட்டுவிடும். காரணம் தெரியாதவர்கள் எல்லோரும் மனச்சோர்வால் நின்றவர்கள் என்று வாதாடாதீர்கள், அது உண்மையாக இருக்காது. ஏன் நின்றார்கள் என்று கேட்கக் கழகத்தில் ஒருவரும் இருக்கவில்லை என்பதே உங்கள் வாதம்.

கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாகப் போய்க் கதையுங்கள். சொல் எடுபடும் ஆள் பல கழகங்களில் தலைவர் அல்ல, ஒரு பழைய வீரராகவோ கனடாவிலிருந்து காசு அனுப்பும் பழைய உறுப்பினராகவோ இருப்பார். "மனநோய்" என்று தொடங்கினால் "எங்கட பொடியளுக்கென்ன விசரோ?" என்பதோடு கதை முடியும். ஆட்டத்துக்கு முதல் நாள் நித்திரையின்மை, காயம் ஆறியும் பந்துக்குப் போகத் தயங்கும் கால், தோற்ற இரவு முகநூலில் விழும் ஏச்சு என்று அவர் மைதானத்தில் கண்டதைச் சொல்லித் தொடங்குங்கள். விலக இடம் கொடுத்தால் திரும்பி வருவானோ என்று கேட்டால் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸைச் சொல்லலாம்: 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் குழு இறுதிப்போட்டியின் நடுவில் உளநலத்துக்காக விலகியவர், அதே ஒலிம்பிக்கில் சமநிலைச் சட்டத்தில் வெண்கலம் வென்றார்.

தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். இந்த அளவு போதும்: "உளநலப் பொறுப்பாளர்களாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நியமிக்கப்படுகின்றனர். இவர்கள் தெரிவுக்குழுவில் இருக்கமாட்டார்கள். உளவளத்துணை நாடியது அணித் தெரிவில் கருதப்படாது. இதற்கென இவ்வருடம் ரூபா … ஒதுக்கப்படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகக் கூட்டத்தில் அறிக்கை வைக்கப்படும்." தொகைக்கான இடத்தை வெறுமையாக விட்டு, பொருளாளர் வாயாலேயே அதைச் சொல்ல வையுங்கள். அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது மட்டும் இருக்கட்டும், யார் என்பது வேண்டாம்.

பெரும்பாலும் பிழை விடுவது தெரிவுக்குழு பற்றிய அந்த வரியில்தான். பயிற்றுநரையே பொறுப்பாளராக்குவது சுகமான வழி. ஆனால் தன்னை அணியில் போடுபவரிடம் எந்தப் பொடியனும் "பயமாயிருக்கு" என்று சொல்லமாட்டான். அடுத்த பிழை, பதாகை கட்டி ஒருநாள் கருத்தரங்கு நடத்திக் கடமை முடிந்ததென்று விடுவது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2020 இல் வெளியிட்ட, வீரர்களின் உளநலத்தை மதிப்பிடும் வினாக்கொத்துக் கருவியைச் செயலாளர் அச்சடித்துப் பங்கிடுவதும் கூடாது. அது 16 வயதுக்கு மேற்பட்ட வீரர்களுக்கானது, மருத்துவரோ உரிமம் பெற்ற சுகாதாரப் பணியாளரோ பயன்படுத்த வேண்டியது.

பொறுப்பாளரின் வேலை கேட்பதும் சேர்ப்பிப்பதுமே. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உளநலச் சிகிச்சை உண்டு. தேசிய உளநல உதவி இலக்கம் 1926, அம்புலன்சுக்கு 1990. இரண்டையும் உடைமாற்றும் அறையில் ஒட்டுங்கள். உயிரை மாய்க்கும் பேச்சு வந்தால் இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், ஆளைத் தனியே விடாமல் உடனே அழையுங்கள்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது இதெல்லாம் அழிந்துபோகும். யாப்புத் திருத்தத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டுமென்று உங்கள் யாப்பில் பார்த்து, பொறுப்பாளர் பதவியை அந்தக் கூட்டத்திலேயே யாப்பில் சேர்த்துவிடுங்கள்.