கேற்றடியில் தேனீக் கூட்டம் வந்து தொங்கினால் என்ன செய்வது?

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கேற்றடி மாதுளையில் பலாப்பிஞ்சு மாதிரி ஒன்று தொங்கியது. கிட்டப் போனபோதுதான் அது அசைவது தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு பந்தம் கொளுத்திப் பிடியும், எல்லாம் விழுந்திடும்" என்றார். வேண்டாம் ஆச்சி என்று சொல்லி, அன்று இருட்டுவதற்குள் அந்தக் கூட்டத்தைப் பெட்டிக்குள் எடுத்தேன். முதல் தடவை தவறியது, இரண்டாம் தடவைதான் சரிவந்தது. தவறிய இடத்தைப் பற்றித்தான் இங்கே கூடுதலாக எழுதுகிறேன்.

1. எந்தத் தேனீ என்று பாருங்கள்

ஐந்தாறு மீற்றர் தள்ளி நின்று போன் கமராவில் சூம் பண்ணிப் பாருங்கள். நாம் பெட்டியில் வளர்க்கிற இந்தியத் தேனீ ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளம். மலைத்தேனீ அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். தண்ணீர்த் தாங்கி, மாடிக் கட்டடம், உயர்ந்த மரக்கொப்பு இவற்றில் திரைச்சீலை விரித்தது போலத் தொங்கும். அரவம் கேட்டால் கூட்டத்தின் மேல் பளபளவென்று அலை ஓடும். அந்த அலையைக் கண்டால் பின்வாங்கிவிடுங்கள். அதற்கு இந்தச் செய்முறை பொருந்தாது, ஏணி வைத்து ஏறவும் கூடாது.

அடுத்து, வதை, அதாவது மெழுகாலான தேனடை, இருக்கிறதா என்று பாருங்கள். வதை தெரிந்தால் அது குடியிருக்கிற கூடு, குஞ்சையும் தேனையும் காக்கக் கொட்டும். வதை இல்லாமல் வெறும் தேனீக் கொத்தாக இருந்தால், அநேகமாக பழைய ராணி ஒரு பகுதி வேலைக்காரிகளுடன் தாய்க் கூட்டைவிட்டுப் பிரிந்து வந்திருக்கிறது. புறப்படும்போது வயிறு நிறையத் தேன் குடித்துக்கொண்டு வரும், காப்பாற்றுவதற்கு அங்கே குஞ்சும் இல்லை. அதனால்தான் அந்த நேரத்தில் அவ்வளவு சாதுவாக இருக்கின்றன.

2. பிடிக்கத்தான் வேண்டுமா?

சில மணித்தியாலத்தில், மிஞ்சினால் இரண்டொரு நாளில், அவை தாமாகவே போய்விடும். உங்களுக்குத் தேனீ வளர்க்க விருப்பமில்லை என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவதே நல்லது. எங்கள் ஒழுங்கையால் ரியூசன் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள். கேற்றடியில் ஒரு கதிரை போட்டு, "தேனீ, மற்றப் பக்கத்தால் போகவும்" என்று மட்டையில் எழுதி வைத்தேன். புல் வெட்டும் மெஷின், ஜெனரேற்றர் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீரைப் பீச்சி அடிப்பது, கல்லெறிவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எதுவும் வேண்டாம்.

கொத்தின் மேற்பரப்பை உற்றுப் பார்த்தால் சில தேனீக்கள் உடம்பை உதறி உதறி ஒரே கோட்டில் நடப்பது தெரியும். வீடு பார்த்து வந்தவை இடம் சொல்கின்றன. 1949இல் ஜெர்மனியில் மார்ட்டின் லிண்டவர் என்ற ஆய்வாளர், இப்படி ஆடும் தேனீக்கள் சில புகைக்கரி பூசிக்கொண்டு வந்திருப்பதைக் கண்டுதான் அவை வீடு தேடிப் போய்வந்தவை என்று ஊகித்தார். ஆடுகிறவை எல்லாம் ஒரே திசையைக் காட்டத் தொடங்கினால் கூட்டம் கிளம்பப் போகிறது, பிடிக்க நேரமில்லை.

3. சாமான்

வெள்ளைப் பருத்திச் சட்டை, நீளக் காற்சட்டை, அதன் அடி சொக்ஸுக்குள், தொப்பிக்கு மேலால் நுளம்பு வலை. சென்ற் பூச வேண்டாம். பிடிப்பதற்குச் சிலர் மண்முட்டி நல்லது என்பார்கள். எனக்குக் காட்போட் பெட்டிதான் பிடிக்கும்: பாரமில்லை, ஒரு கையால் தாங்கலாம். பக்கத்தில் ஒரு சதுரம் வெட்டி நுளம்பு வலை ஒட்டினால் காற்றுப் போகும். பொச்சுமட்டைப் புகையைவிடத் தண்ணீர் ஸ்பிரே போத்தலை நம்புகிறேன். பனி மாதிரி இரண்டு தரம் அடித்தால் பறக்காமல் நெருக்கிக்கொள்ளும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய போத்தல் வேண்டாம்.

4. உதறுவது

பெட்டியைக் கொத்துக்கு நேர் கீழே, தேனீ படுகிற அளவுக்குக் கிட்டப் பிடியுங்கள். கொப்பைப் பிடித்து ஒரே ஒரு உதறு. மெதுவாக மூன்று நாலு தரம் ஆட்டினால் எல்லாம் கிளம்பிவிடும். கொத்து "தொப்" என்று விழும். பெட்டியை ஒரு பெட்ஷீற்றின் மேல் கவிழ்த்து, ஒரு பக்கத்தில் சின்னக் கல்லை வைத்து வாசல் விடுங்கள்.

இங்கேதான் நான் தவறினேன். பாதிக்கு மேல் உள்ளே விழுந்ததும் சந்தோஷத்தில் உடனே மூடி, ரேப் ஒட்டி, திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டேன். பத்து நிமிடத்தில் மாதுளையில் மறுபடி ஒரு கொத்து. ராணி கொப்பிலேயே நின்றிருக்கிறது! உள்ளே அடைபட்டவை வலையைச் சுற்றி ஓடி இரைந்துகொண்டிருந்தன. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து திறந்ததும் நேரே கொப்புக்குப் போய்விட்டன.

ஆயிரக்கணக்கான தேனீக்குள் ராணியைத் தேட வேண்டாம், வாசலைப் பாருங்கள். ராணி உள்ளே இருந்தால், வாசலில் நிற்கிற தேனீக்கள் தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, சிறகை விசிறி ஒரு மணத்தைப் பரப்பும். அந்த மணத்துக்கு வெளியில் பறப்பவை இறங்கி உள்ளே நடந்து போகும். இரண்டாம் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. பெட்டியிலிருந்து கொப்புக்குத் திரும்பிப் போனால் ராணி வெளியே, இன்னொரு உதறு வேண்டும்.

5. இருட்டும் வரை பொறுமை

பெட்டியை நிழல் படுத்தி அங்கேயே விடுங்கள். வீடு தேடப் போனவை பின்னேரம்தான் திரும்பும். கருக்கலானதும் வாசலை மூடித் தூக்குங்கள்.

6. மரப்பெட்டிக்குள்

புதுப் பெயின்ற் மணக்கும் பெட்டியில் நிற்காது. உள்ளே பழைய தேன் மெழுகைத் தேயுங்கள். தேனீ வளர்க்கிற யாரிடமாவது குஞ்சு உள்ள வதை ஒன்று வாங்கிச் சட்டத்தில் கட்டினால், குஞ்சைவிட்டுப் போக மனம் வராது. சீனியும் தண்ணீரும் சம அளவு கரைத்து, பொழுதுபட்ட பிறகு உள்ளே வையுங்கள். எறும்பு ஏறாமல், பெட்டி வைத்திருக்கிற தாங்கியின் கால்களைத் தண்ணீர் ரின்னில் நிறுத்துங்கள். மூன்று நாள் திறக்கவே வேண்டாம். எனக்கு ஐந்தாம் நாள் ஒரு தேனீ பின்னங்காலில் மஞ்சள் மகரந்தம் உருட்டிக்கொண்டு உள்ளே போனது. அப்போதுதான் நிம்மதி.

கொட்டினால்: கொடுக்கை நகத்தால் உடனே வழித்து எடுங்கள், பிந்தப் பிந்த நஞ்சு இறங்கும். மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், தலைசுற்று என்றால் அம்புலன்ஸுக்கு 1990 அடியுங்கள். தேனீ கொட்டி முன்பு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

பிற்சேர்க்கை 1: மலைத்தேனீ துரத்தினால் கிணற்றில் குதிக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டார். வேண்டவே வேண்டாம். கிணறு ஆளைக் கொல்லும், தேனீயும் மேலே காத்து நிற்கும். முகத்தைப் பொத்திக்கொண்டு நேரே ஓடி, கதவு பூட்டுகிற அறைக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போங்கள்.

பிற்சேர்க்கை 2: "பிடித்தது மூன்றாம் நாள் போய்விட்டது" என்று இருவர் எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் வைத்திருக்கிறார்கள். வேம்பு, மா நிழலுக்கு மாற்றுங்கள். பெட்டி எங்கே வாங்குவது என்று கேட்பவர்கள் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கதையுங்கள், நானும் அங்கேதான் தொடங்கினேன்.