ஐக்கிய கிறிஸ்துமஸ் கேக் தீந்ததும் ஒற்றுமையும் தீந்துடுது, ஏன்?

எங்க ஊர்ல டிசம்பர் வந்தா கத்தோலிக்க ஃபாதர், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) போதகர் ஐயர், பெந்தெகொஸ்தே பாஸ்டர்னு மூணு பேரும் ஒரே மேடையில நின்னு கேக் வெட்டுவாங்க, ஃபோட்டோ எடுப்பாங்க, ஜனவரியில பழையபடி அவங்கவங்க காம்பவுண்டுக்குள்ள போயிடுவாங்க. ஒற்றுமைங்கறத ஒருநாள் ப்ரோகிராமா நினைக்கறதுதான் முதல் தப்பு.

அதவிட பெரிய தப்பு, "உன்கிட்ட இருக்கறது செல்லாது"ன்னு சொல்றது. எங்க அத்தைக்குக் கைக்குழந்தையிலயே ஞானஸ்நானம் ஆயிடுச்சு, அம்பது வருஷமா ஒரே சபை. யாரோ கூப்பிட்டாங்கன்னு ஒரு உபவாச ஜெபத்துக்குப் போனா, தலையில தண்ணி தெளிச்சதெல்லாம் ஞானஸ்நானமா, திரும்ப தண்ணியில மூழ்கி முழுக்கு எடுங்கன்னு அங்க இருந்தவங்க பிடிவாதமா நின்னுட்டாங்க. அன்னைக்கு அழுதுட்டு வந்தவங்க அப்புறம் எந்த ஐக்கிய ஜெபத்துக்கும் வரல. நம்ம பக்கம் மட்டும் யோக்கியமா, பெந்தெகொஸ்தேக்காரங்கள "அல்லேலூயா கோஷ்டி"ன்னு நக்கல் பண்ணிட்டு அப்புறம் கூட்டு ஜெபத்துக்கு வாங்கன்னா எப்படி வருவாங்க?

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தவங்க) உட்பட வேற வேற சபைகள் ஒண்ணா சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவான கதைய இங்க சொல்லணும். 1919ல தரங்கம்பாடியில பேச ஆரம்பிச்சாங்க, சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல. 28 வருஷம்! அந்தப் பேச்சுக்கு உழைச்ச பிஷப் அசரியா 1945லயே இறந்துட்டாரு, அந்த நாளப் பாக்கல. ஆங்கிலிக்கன்ல பிஷப் கைவச்சாதான் குருவானவர், மத்த சபைகள்ல அப்படி இல்ல, இழுபறியே அங்கதான். கடைசியில, ஏற்கனவே ஊழியத்துல இருந்த மத்த சபைக்காரங்கள யாரும் மறுபடி அபிஷேகம் வாங்கச் சொல்லல, இனிமே வர்றவங்களுக்கு பிஷப் கைவைக்கட்டும்னு முடிவு பண்ணாங்க. உங்க பழைய ஊழியமும் ஊழியம்தான்னு ஒத்துக்கிட்டதாலதான் அது நடந்துச்சு.

வார்த்தைக்கு அடிச்சுக்கறது இன்னொண்ணு. திருமுழுக்கா ஞானஸ்நானமா, திருப்பலியா திருவிருந்தான்னு, கத்தோலிக்கர் ஒரு பேரு சொல்ல, மத்த சபைக்காரங்க ஒரு பேரு சொல்ல. 1995லயே கத்தோலிக்கரும் மத்த சபைக்காரரும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பு பைபிள் கொண்டு வந்தாச்சு, நம்ம வாட்ஸ்அப் குரூப்ல இன்னும் பழைய மொழிபெயர்ப்பா புதுசான்னு சண்டை ஓடுது. கூட்டு ஜெபத்துல ரெண்டையும் வாசிச்சா என்ன, ரெண்டு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

ஆடு திருடறதப் பத்தி, அதாவது அடுத்த சபை ஆளுங்கள நம்ம சபைக்கு இழுக்கறதப் பத்தி, தனியா சொல்லவே வேணாம், எல்லாருக்கும் தெரியும்.

ஆனா யாரும் மேடையில பேசாதது சாதி. உபதேச வித்தியாசத்தால பிரிஞ்ச சபைகளாவது உக்காந்து பேசுது, ஒரே சபையில ஒரே நற்கருணை வாங்கறவங்களுக்குக் கல்லறைத் தோட்டம் மட்டும் ரெண்டா இருக்கற ஊர் தமிழ்நாட்டுல இன்னும் இருக்கு, நடுவுல சுவரே கட்டி வச்சிருக்கற இடமும் உண்டு. அந்த மாதிரி ஊர்ல பக்கத்து சபையக் கூப்பிட்டு ஐக்கிய விழா நடத்த கமிட்டி போடறவங்க, முதல் மீட்டிங்க அந்தச் சுவர் பக்கத்துல வச்சுக்கட்டும்.