தேர்தல் ஆண்டின் அரசுச் செலவை ஆராய்வது எப்படி: கானாவை முன்வைத்து

மக்களாட்சிக்கு அண்மையில் திரும்பிய நாடுகளில், தேர்தல் நெருங்கும்போது அரசு வரம்பு மீறிச் செலவிடுகிறதா என்று ஆராய விரும்புவோருக்குக் கானா மிகவும் ஏற்ற நாடு. இராணுவ ஆட்சிக்குப் பின் 1992இல் பலகட்சித் தேர்தலுக்குத் திரும்பிய அந்நாடு, அன்று முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வாக்களித்து வருகிறது. 2000, 2008, 2016, 2024 ஆகிய தேர்தல்களில் ஆட்சி கைமாறியது. தேர்தல் காலம் முன்பே முடிவானது என்பதால், ஆட்சியாளர் தமக்கு வசதியான பொருளாதாரச் சூழல் பார்த்துத் தேர்தலை வைத்தாரோ என்ற ஐயத்துக்கு இங்கே இடமில்லை.

முதலில், நிதியமைச்சர் வாசிக்கும் மதிப்பீட்டை ஒதுக்கிவிட்டு, ஆண்டு முடிந்தபின் வெளியாகும் உண்மைச் செலவுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ரொக்க அடிப்படையிலான கணக்கில், ஒப்பந்தக்காரர் சாலையைப் போட்டு முடித்துப் பணத்துக்காகக் காத்திருந்தால், அந்தத் தொகை பற்றாக்குறையில், அதாவது வரவை மிஞ்சிய செலவில், தென்படாது. 2017 ஜனவரியில் பொறுப்பேற்ற அரசு, முந்தைய ஆட்சி ஏறத்தாழ 700 கோடி செடி (கானாவின் நாணயம்) நிலுவையை விட்டுச்சென்றதாக அறிவித்தது. வென்றவர் தோற்றவரைப் பற்றிச் சொல்லும் கணக்கில் அரசியலும் கலந்திருக்கும் என்பது உண்மையே. ஆனாலும் நிலுவையைச் சேர்க்காத ஆய்வு தேர்தல் ஆண்டுச் செலவைக் குறைத்தே காட்டும்.

அடுத்து, செலவையும் பற்றாக்குறையையும் விழுக்காடாக்க எந்த உள்நாட்டு மொத்த உற்பத்தியால் வகுக்கிறீர்கள் என்று பாருங்கள். 2010 நவம்பரில் கானா உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை (மதிப்பிட அளவுகோலாக வைக்கும் ஆண்டை) மாற்றியபோது, அந்நாட்டின் உற்பத்தி மதிப்பு ஒரே அறிவிப்பில் சுமார் 60 விழுக்காடு உயர்ந்தது. செலவும் கடனும் இருந்தபடியே இருக்க, விகிதங்கள் மட்டும் சுருங்கின. 2018இலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. 2008 தேர்தலுக்குப் பழைய தொடரையும் 2012 தேர்தலுக்குப் புதிய தொடரையும் எடுத்து ஒப்பிட்டால், கிடைக்கும் முடிவுக்குப் பொருளே இல்லை.

காரணத்தைப் பிரித்தறிவதே கடினமான வேலை. 2012இல் பற்றாக்குறை உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 11 விழுக்காட்டைத் தாண்டியதைத் தேர்தலின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் 2010இல் தொடங்கிய அரசு ஊழியர் ஊதியச் சீரமைப்பின் சுமையும், எரிபொருள், மின்சார மானியங்களும், 2010 டிசம்பரில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியதால் எழுந்த எதிர்பார்ப்பும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. ஆகவே செலவை ஊதியம், மானியம், வட்டி, மூலதனம் எனப் பிரித்து, ஒவ்வொன்றும் தேர்தலுக்கு அடுத்த ஆண்டில் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். தேர்தலுக்கென்றே கூட்டிய செலவானால் மறு ஆண்டில் இறங்க வேண்டும். 2013இலோ பற்றாக்குறை 10 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. உயர்த்திய சம்பளத்தைக் குறைப்பது எந்த அரசுக்கும் எளிதல்ல. 2020இல் பெருந்தொற்றுச் செலவும் குறுக்கிடுவதால், அவ்வாண்டைத் தேர்தல் நடக்காத நாடுகளோடு ஒப்பிட்ட பிறகே எடைபோடலாம்.

செலவு வாக்காக மாறுகிறதா என்ற கேள்விக்குக் கானா தெளிவான விடை தரவில்லை. பெரும் பற்றாக்குறையோடு தேர்தலைச் சந்தித்த ஆளுங்கட்சி 2012இலும் 2020இலும் வென்றது, 2008இலும் 2016இலும் தோற்றது. கைவிரலால் எண்ணக்கூடிய தேர்தல்களை வைத்து விதி எழுதுவது துணிச்சல்.

சட்டக் கட்டுப்பாட்டை ஆராயும்போது, சட்டம் இயற்றிய ஆண்டோடு அது நிறுத்திவைக்கப்பட்ட ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறைக்கு 5 விழுக்காடு உச்சவரம்பு விதித்த 2018ஆம் ஆண்டுச் சட்டம், அடுத்த தேர்தல் ஆண்டான 2020இலேயே பெருந்தொற்றைக் காரணமாகக் காட்டி நிறுத்திவைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் நாடு பெரும்பாலான வெளிக்கடன்களுக்குப் பணம் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மே மாதம் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டாலர் கடன்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அத்தகைய கண்காணிப்பின் கீழும் 2024 தேர்தல் ஆண்டில் நிதி இலக்கு தவறியது. அதற்கும் நிலுவைகளே முக்கியக் காரணம் என்பதால், மேற்சொன்ன முறையை முதலில் அந்த ஆண்டின் மீது செய்து பார்க்கலாம்.