மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் படிக்கணுமா? அப்ளிகேஷன்ல இருந்து முதல் செமஸ்டர் வரைக்கும் ஸ்டெப் பை ஸ்டெப்

ஜெர்மனில எம்எஸ் பண்ணனும்னு சொல்ற பத்து பேர்ல பாதி பேர் லிஸ்ட்ல முதல்ல எழுதுற பேரு டியூஎம், அதாவது மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டி. மியூனிக்ல 1868ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி, டீசல் இன்ஜின் கண்டுபிடிச்ச ருடால்ஃப் டீசல் படிச்ச இடம், பக்கத்துலயே பிஎம்டபிள்யூ, சீமென்ஸ்னு கம்பெனிகள், அதனால ஆசைப்படுறதுல தப்பே இல்ல. ஆனா நம்ம பசங்க நிறைய பேர் "எனக்கு 9 சிஜிபிஏ இருக்கு, கண்டிப்பா கெடைச்சிரும்"னு நம்பி அப்ளை பண்ணிட்டு ரிஜெக்ட் ஆகி உக்காந்திருக்காங்க, அதே நேரம் 8 சொச்சம் வெச்சிருக்கிறவங்க உள்ள போயிடுறாங்க. ஏன்னா இங்க மார்க் மட்டும் பாக்குறதில்ல, நீங்க பிஇ-ல படிச்ச பாடம் அவங்க பேச்சிலர்ஸ்ல சொல்லித்தர்ற பாடத்தோட எவ்ளோ ஒத்துப்போகுதுனு பாக்குறாங்க. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மத்ததெல்லாம் பேப்பர் வேலைதான்.

நான் இன்ஃபர்மேட்டிக்ஸ் கோர்ஸை வெச்சுத்தான் விளக்கப் போறேன், அதாவது நம்ம ஊர் கம்ப்யூட்டர் சயின்ஸ். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல்காரங்க உங்க கோர்ஸ் பேஜ்ல போய் இதே மாதிரி பாத்துக்கோங்க, முறை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

ஸ்டெப் 1: கோர்ஸ் பேஜை முழுசா படிங்க

கன்சல்டன்சி சொல்றதக் கேட்டு கோர்ஸ் எடுக்காதீங்க. டியூஎம் வெப்சைட்ல ஒவ்வொரு டிகிரி ப்ரோக்ராமுக்கும் தனி பேஜ் இருக்கு, அதுல எந்த மொழில நடத்துறாங்க, எந்த செமஸ்டர்ல சேரலாம், கடைசி தேதி, ஃபீஸ், என்னென்ன டாக்குமென்ட் எல்லாமே இருக்கும். மாஸ்டர்ஸ் நிறைய இங்கிலீஷ்லயே இருக்கு. ப்ளஸ் டூ முடிச்சிட்டு நேரா போகலாமானு கேக்குறவங்களுக்கு: பேச்சிலர்ஸ் கோர்ஸ் பெரும்பாலும் ஜெர்மன் மொழிலதான், அதனால அது வேற கதை, இங்க பேசல.

விண்டர் செமஸ்டர் அக்டோபர் 1ல ஆரம்பிக்கும், அதுக்கு நிறைய மாஸ்டர்ஸ் கோர்ஸுக்கு மே 31 தான் கடைசி நாள், ஆனா சில கோர்ஸுக்கு அதுக்கும் முன்னாடியே முடிஞ்சிரும். உங்க கோர்ஸோட தேதிய இப்பவே ஃபோன்ல போட்டு வைங்க.

ஸ்டெப் 2: உங்க மார்க்கை ஜெர்மன் மார்க்கா மாத்திப் பாருங்க

ஜெர்மனில 1.0 தான் டாப், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நம்ம சிஜிபிஏவை மாத்துறதுக்கு பவேரியன் ஃபார்முலானு ஒண்ணு இருக்கு. அதிகபட்ச மார்க்ல இருந்து உங்க மார்க்கைக் கழிங்க, அதை (அதிகபட்ச மார்க் மைனஸ் பாஸ் மார்க்)ஆல வகுங்க, 3ஆல பெருக்குங்க, 1 கூட்டுங்க, அவ்ளோதான்.

உதாரணத்துக்கு உங்களுக்கு 8.5, அதிகபட்சம் 10, பாஸ் 5னு வெச்சுக்கோங்க. 10ல 8.5 போனா 1.5, அதை 5ஆல வகுத்தா 0.3, மூணால பெருக்கினா 0.9, ஒண்ணு கூட்டினா 1.9. இதே 8.5 தான், ஆனா உங்க யுனிவர்சிட்டில பாஸ் கிரேடு 6னு இருந்தா ரிசல்ட் 2.1க்குப் போயிரும். அதனால மார்க் ஷீட்டுக்குப் பின்னாடி கிரேடு டேபிள்ல பாஸ் மார்க் எவ்ளோனு போட்டிருக்குனு முதல்ல பாருங்க, ஃப்ரெண்டோட கால்குலேஷனை அப்படியே எடுத்துக்காதீங்க.

ஸ்டெப் 3: பாடத்துக்குப் பாடம் பொருத்திப் பாக்குறது (இங்கதான் சீட்டு முடிவாகுது)

டியூஎம் நடத்துறது ஆப்டிட்யூட் அசெஸ்மென்ட், ரெண்டு கட்டம். முதல் கட்டத்துல உங்க பாடங்கள், மார்க், நீங்க எழுதிக் குடுக்குற லெட்டர், கட்டுரை இதுக்கெல்லாம் பாயின்ட் போடுவாங்க. நல்ல பாயின்ட்னா நேரா அட்மிஷன், ரொம்பக் கம்மினா ரிஜெக்ட், நடுவுல இருக்கிறவங்களுக்கு இன்டர்வியூவோ டெஸ்ட்டோ இருக்கலாம்.

இதுல பாடங்களுக்குனு ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணனும், கரிக்குலம் அனாலிசிஸ்னு சொல்லுவாங்க. அவங்க பேச்சிலர்ஸ்ல என்ன இருக்குனு பாருங்க: லீனியர் ஆல்ஜிப்ரா, அனாலிசிஸ், டிஸ்க்ரீட் ஸ்ட்ரக்சர்ஸ், ப்ராபபிலிட்டி, நியூமெரிக்கல் ப்ரோக்ராமிங், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், அல்காரிதம்ஸ், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், ஓஎஸ், டேட்டாபேஸ், நெட்வொர்க்ஸ், ஃபங்ஷனல் ப்ரோக்ராமிங். கவனிச்சீங்களா, மேத்ஸும் தியரியும் எவ்ளோ இருக்குனு! நம்ம ஆளுங்க வெப் டெவலப்மென்ட், க்ளவுட், ஏஐ எலெக்டிவ்னு எடுத்து ரெஸ்யூமை நிரப்பி வெச்சிருப்பாங்க, ஆனா இவங்க கேக்குறது அஸ்திவாரத்த.

இப்ப அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன் சிஎஸ்இ-ய எடுத்துக்கலாம். முதல் செமஸ்டர்ல "மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்"னு ஒரு பேப்பர். முதல் யூனிட் முழுக்க ஐகன் வேல்யூ, கேலி ஹேமில்டன், குவாட்ரேட்டிக் ஃபார்ம், அது லீனியர் ஆல்ஜிப்ரா பக்கம். மீதி நாலு யூனிட்டும் டிஃபரன்ஷியல், இன்டக்ரல் கால்குலஸ், அது அனாலிசிஸ் பக்கம். ரெண்டாவது செமஸ்டர்ல "ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ்", அதுல முதல் ரெண்டு யூனிட் ஹைப்பாதெசிஸ் டெஸ்டிங், டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ், மத்த மூணும் நியூமெரிக்கல். வெறும் பேப்பர் பேரை மட்டும் போட்டீங்கனா மியூனிக்ல உக்காந்து பாக்குற ப்ரொஃபசருக்கு உள்ள என்ன இருக்குனு எப்படித் தெரியும்? சிலபஸை பக்கத்துல வெச்சு யூனிட் யூனிட்டா படிச்சு, எது எதோட பொருந்துதுனு முதல்ல ஒரு நோட்டுல எழுதுங்க, அப்புறம் ஃபார்ம்ல ஏத்துங்க, சிலபஸ் பிடிஎஃப்பையும் கையில ரெடியா வெச்சிருங்க.

அவங்க கிரெடிட் வேற, நம்ம கிரெடிட் வேற. அங்க ஒரு கிரெடிட்னா 30 மணி நேர உழைப்பு, கிளாஸ், வீட்டுல படிக்கிறது, பரீட்சை எல்லாம் சேத்து. ஃபார்ம்ல எந்தக் கணக்கு கேக்குறாங்கனு பாத்துப் போடுங்க. ஒரு பாடம் உங்ககிட்ட இல்லனா இல்லனே விட்டுருங்க, இல்லாதத இருக்குற மாதிரி காட்டாதீங்க, ட்ரான்ஸ்க்ரிப்டை பக்கத்துல வெச்சுத்தான் செக் பண்ணுவாங்க.

இன்னும் செகண்ட் இயர், தேர்ட் இயர்ல இருக்கிறவங்களுக்கு இதுதான் நான் சொல்ற முக்கியமான விஷயம்: இந்த வேலைய ஃபைனல் இயர்ல பண்ணாதீங்க, இப்பவே பண்ணுங்க. ஓட்டை எங்க இருக்குனு தெரிஞ்சா எலெக்டிவ் எடுக்கும்போது அதை அடைக்கலாம், டிகிரி முடிஞ்சப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

ஸ்டெப் 4: லெட்டரும் கட்டுரையும்

மோட்டிவேஷன் லெட்டர்ல "சின்ன வயசுல இருந்தே கம்ப்யூட்டர்னா உயிர்"னு ஆரம்பிக்காதீங்க. நீங்க பண்ண ப்ராஜெக்ட் எது, அதுல எங்க முட்டி நின்னீங்க, அதைத் தாண்டிப் போக இந்தக் கோர்ஸ்ல எந்த மாட்யூல் உதவும்னு நேரா எழுதுங்க. இன்ஃபர்மேட்டிக்ஸுக்கு ஒரு சயின்டிஃபிக் எஸ்ஸேவும் கேப்பாங்க, அவங்க குடுக்குற டாபிக்ல ஒண்ணை எடுத்து ஆயிரம் வார்த்தை போல எழுதணும். ரிசர்ச் பேப்பர் படிச்சு, எங்க இருந்து எடுத்தீங்கனு ஒழுங்கா குறிச்சு, உங்க வாதத்தை நீங்களே கட்டணும். யாரோ எழுதினத வாங்கிப் போட்டா இன்டர்வியூல ரெண்டாவது கேள்விலயே தெரிஞ்சிரும்.

ஸ்டெப் 5: டாக்குமென்ட்ஸ்

ஏபிஎஸ் சர்ட்டிஃபிகேட், 2022 நவம்பர்ல இருந்து இந்திய ஸ்டூடன்ட்ஸுக்கு கட்டாயம், உங்க மார்க் ஷீட், டிகிரி எல்லாம் ஒரிஜினல்தானானு டெல்லில செக் பண்ணித் தருவாங்க, 18,000 ரூபா. வாரக்கணக்குல ஆகும், அதனால இதைத்தான் முதல்ல ஆரம்பிக்கணும். அடுத்து விபிடி, இது யூனி அசிஸ்ட்னு ஒரு அமைப்பு உங்க மார்க்கை ஜெர்மன் மார்க்கா மாத்தி குடுக்குற பேப்பர், முதல் யுனிவர்சிட்டிக்கு 75 யூரோ. அப்புறம் ஐஈஎல்டிஎஸ்னு இங்கிலீஷ் டெஸ்ட், 6.5 வேணும். இதெல்லாம் கையில வந்ததும் டியூஎம்ஆன்லைன் போர்ட்டல்ல அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி அப்லோட் பண்ணுங்க. பாஸ்போர்ட்ல இருக்குற பேரும் மார்க் ஷீட்ல இருக்குற பேரும் இனிஷியல் உட்பட ஒண்ணா இருக்கானு பாருங்க, நம்ம ஊர்ல இனிஷியல் விரிவாக்கத்துல வர்ற குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்ல.

ஸ்டெப் 6: காசு கணக்கு, வீட்டுல உக்காந்து எல்லாரும் சேந்து போடுங்க

"ஜெர்மனில படிப்பு ஃப்ரீ"னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க, டியூஎம்ல இப்ப அப்படி இல்ல. 2024 விண்டர் செமஸ்டர்ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து புதுசா வர்றவங்களுக்கு மாஸ்டர்ஸ் ஃபீஸ் ஒரு செமஸ்டருக்கு 4,000 இல்லனா 6,000 யூரோ, கோர்ஸைப் பொறுத்து. இது போக விசாவுக்கு ப்ளாக்டு அக்கவுன்ட்ல ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டணும், அதுல இருந்து மாசம் 992 தான் எடுக்க முடியும்.

6,000 ஃபீஸ்னு வெச்சா நாலு செமஸ்டருக்கு 24,000, ரெண்டு வருஷ செலவு 23,808, ஆக 47,808 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபானு ரவுண்டா போட்டாலே 48 லட்சம் கிட்ட வருது. மியூனிக் ஜெர்மனிலயே வாடகை அதிகமான ஊரு, 992ல மாசத்த ஓட்டுறது கஷ்டம். ஃபீஸ் தள்ளுபடிக்கு டியூஎம்லயே ஸ்காலர்ஷிப் வழி இருக்கு, கண்டிப்பா ட்ரை பண்ணுங்க, ஆனா கெடைக்கும்னு நம்பி வீட்டுப் பத்திரத்த அடமானம் வெச்சிடாதீங்க. பார்ட் டைம் வேலை வருஷத்துக்கு 140 முழு நாள் வரைக்கும் பாக்கலாம், அது சாப்பாட்டு செலவுக்கு உதவும், லோனை அடைக்க உதவாது. இத அப்பா அம்மாகிட்ட மறைக்காம சொல்லிட்டுக் கிளம்புங்க. கணக்கு ஒத்துவரலனா பவேரியாவுக்கு (மியூனிக் இருக்குற மாநிலம்) வெளிய ஃபீஸ் இல்லாத நல்ல டெக்னிக்கல் யுனிவர்சிட்டிகள் இருக்கு, ஆகன், டார்ம்ஸ்டாட், டிரெஸ்டன் எல்லாம் எந்த விதத்துலயும் குறைஞ்சது இல்ல.

ஸ்டெப் 7: வீடு

அட்மிஷன் லெட்டர் வந்த அன்னிக்கே விசா வேலையோட சேத்து வீட்டையும் தேட ஆரம்பிங்க. ஸ்டூடன்ட் ஹாஸ்டல்களை ஸ்டூடியரெண்டன்வெர்க்னு ஒரு அமைப்பு நடத்துது, வாடகை கம்மி ஆனா வெயிட்டிங் லிஸ்ட் நீளம், பேரைப் பதிஞ்சு வைங்க. ஷேர் ரூமுக்கு வேகெ கெசூக்ட் சைட்ல எல்லாரும் தேடுவாங்க. "நான் லண்டன்ல இருக்கேன், டெபாசிட் அனுப்புங்க, சாவிய கூரியர்ல அனுப்புறேன்"னு யாராவது சொன்னா அது மோசடி, ஒரு பைசா அனுப்பாதீங்க. வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் இருந்தாதான் ஊர் ஆஃபீஸ்ல அட்ரஸ் பதிய முடியும், அதைத் தருவாங்களானு காசு குடுக்கும் முன்னாடியே கேளுங்க.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு கிளாஸ் கார்ஹிங்ல, மியூனிக் சென்டர்ல இருந்து யூ6 மெட்ரோவுல கடைசி ஸ்டாப். அதனால யூ6 லைன் ஓரமா எந்த ஸ்டேஷன் பக்கம் ரூம் கெடைச்சாலும் நல்லது. பில்டிங் உள்ள மாடில இருந்து கீழ வர்றதுக்கு பரபோலா வடிவத்துல ரெண்டு பெரிய சறுக்குமரம் இருக்கு, மேத்ஸ் டிபார்ட்மென்ட்டும் அதே பில்டிங்தான், பசங்க அதுல சறுக்கி இறங்கி கிளாஸுக்குப் போறத பாக்கவே சந்தோஷமா இருக்கும்.

ஸ்டெப் 8: முதல் செமஸ்டர்

டைம் டேபிள்ல 10 மணினு போட்டு பக்கத்துல சி.டி.னு இருந்தா 10:15க்குத்தான் ஆரம்பிக்கும். முடிஞ்சதும் எல்லாரும் கை தட்ட மாட்டாங்க, மேசைய விரல் முட்டியால தட்டுவாங்க, அது அங்க மரியாதை.

அட்டெண்டன்ஸ் பெரும்பாலும் கிடையாது, இன்டர்னல் மார்க் கிடையாது, யாரும் உங்கள துரத்த மாட்டாங்க. நிறைய பாடத்துல கடைசில ஒரே ஒரு பரீட்சை, அதுதான் முழு மார்க். நம்ம ஊர் பழக்கத்துல ஸ்டடி லீவ்ல பாத்துக்கலாம்னு விட்டா மாட்டிக்குவீங்க, வாராவாரம் எக்சர்சைஸ் ஷீட் குடுப்பாங்க, அதை வாராவாரம் போடுங்க. முதல் செமஸ்டர்ல 30 கிரெடிட்டும் எடுத்து முட்டிக்காம 20, 24னு எடுத்தாலும் தப்பில்ல, மொத்தம் 120 வேணும், மூணாவது செமஸ்டர் முடியறதுக்குள்ள குறைஞ்சது 30 இருக்கணும், நாலாவதுக்குள்ள 60. ஆனா செமஸ்டர் நீளும்போது ஃபீஸும் நீளும், ஸ்டெப் 6 கணக்கை மறந்துடாதீங்க.

கோர்ஸுக்குப் பதிவு பண்றது வேற, பரீட்சைக்குப் பதிவு பண்றது வேற! டியூஎம்ஆன்லைன்ல பரீட்சைக்குத் தனியா ரிஜிஸ்டர் பண்ணனும், தேதி போச்சுனா ஹால்ல உக்கார முடியாது, எவ்ளோ படிச்சிருந்தாலும். ரிசல்ட் வந்தப்புறம் திருத்துன பேப்பரைப் பாக்க ஒரு நாள் குடுப்பாங்க, ஐன்சிக்ட்னு பேரு. பாஸ் ஆயிட்டோம்னு போகாம இருக்காதீங்க, எங்க மார்க் போச்சுனு பக்கம் பக்கமா பாத்து, கூட்டல் தப்பு இருந்தா, இல்ல சரியான ஸ்டெப்புக்கு மார்க் விட்டுப்போயிருந்தா அங்கயே எழுதிக் குடுங்க, அதுல தயங்க வேண்டியதே இல்ல.