டப்பா திரும்பி வந்த வாரம்

பாம்பன் பக்கம் எங்க வீடு. ஆறாவது படிக்கிற மகன் ஒரு வாரமா சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். திட்டினேன், அது என் தப்பு. ராத்திரி அவங்க அப்பாகூட உட்கார்ந்து கிழிஞ்ச வலையைச் சரிபண்ணும்போதுதான் வாய் திறந்தான்: "கருவாடுன்னு கூப்பிடுறாங்கம்மா."

நெஞ்சு எரிஞ்சது. ஆனாலும் யார் வீட்டுக்கும் சண்டைக்குப் போகலை. எந்த நாள், என்ன சொன்னாங்க, யார் பார்த்தா, எல்லாத்தையும் நோட்டுல எழுதி வகுப்பு டீச்சர்கிட்ட காட்டினேன். அவங்க மதியம் பிள்ளைகளோடவே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சாங்க. நெத்திலியை முள்ளோட தின்னா எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்துன்னு வகுப்புலயும் சொன்னாங்களாம். அவங்க கண்டுக்கலைன்னா 1098-க்குக் கூப்பிட்டிருப்பேன். குழந்தைகளுக்கான இலவச உதவி எண், ராப்பகலா எடுப்பாங்க.

மூணாவது வாரம் டப்பா காலியா வந்தது. நாளைக்கு நெத்திலி வறுவல் கூடுதலா வேணுமாம், பக்கத்துப் பையனுக்கும்.