கார்ட்டூன் படம்தானே என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள்

சான்றிதழை மட்டும் நம்பிக் குழந்தைகளுக்குப் படம் போடாதீர்கள். 'ஃபைண்டிங் நீமோ' (2003) படத்துக்கு அமெரிக்காவில் எல்லா வயதினருக்குமான 'ஜி' சான்றிதழ்தான். ஆனால் முதல் சில நிமிடங்களிலேயே நீமோ என்ற குட்டி மீனின் அம்மா இறந்துவிடுகிறாள். அத்தனை முட்டைகளில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. 'தி லயன் கிங்' (1994) படத்தில் சிங்கக்குட்டி சிம்பா, இறந்த அப்பாவின் காதை இழுத்து எழுப்பப் பார்க்கும். பெரியவர்களுக்கே தொண்டை அடைக்கும் இடம் அது. அண்மையில் வீட்டில் ஓர் இழப்பைப் பார்த்த குழந்தைக்கு எப்படி இருக்கும்!

அதனால் படம் போடும் முன் ஐஎம்டிபி (IMDb) என்ற திரைப்படத் தகவல் தளத்தில் அந்தப் படத்தின் பக்கத்துக்குப் போய், பெற்றோருக்கான வழிகாட்டிப் பகுதியைப் படியுங்கள். பயமுறுத்தும் காட்சிகளைத் தனியாகவே எழுதியிருப்பார்கள். கதை முன்கூட்டியே தெரிந்துவிடும்தான், பரவாயில்லை. முடிந்தால் முதல் பத்து நிமிடத்தை நீங்கள் மட்டும் பார்த்துவிடுங்கள். அம்மா, அப்பா இறப்பது சில படங்களில் அங்கேயே வந்துவிடும்.

அப்புறம், பக்கத்திலேயே உட்காருங்கள். பயந்த குழந்தை எப்போதும் அழாது. பேசிக்கொண்டே இருந்தது திடீரென்று அமைதியாகும், தலையணையை இறுக்கிப் பிடிக்கும், "எனக்குத் தண்ணி வேணும்" என்று எழுந்துபோகும். உடனே படத்தை நிறுத்துங்கள். "இது பொம்மைப் படம்தானே" என்று தள்ளிவிடாமல், "அம்மா மீன் எங்கே போச்சுன்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். போதும் என்று குழந்தை சொன்னால், சரி, அன்றைக்கு அத்தோடு விட்டுவிடலாம்.